கல்லுக்கு எதற்குப் பயாப்ஸி?

2025 பிப்ரவரி 8, காலை 9.20, அரூர் வாசகரின் கேள்வி

அக்காவுக்கு வயது 44. பித்தப்பையில் 18 மி.மீ. கல் ஒன்று, கூடவே சின்னதாக நாலைந்து. எண்ணெய்ப் பலகாரம் சாப்பிட்டால் வலது விலாவுக்குக் கீழே பிடித்து இழுக்கிறது, முதுகு வரைக்கும் வலி போகிறது. வருகிற வியாழக்கிழமை வயிற்றில் சின்னத் துளை போட்டு, லேப்ராஸ்கோப்பியில் எடுக்கப் போகிறார்கள். எடுத்த பையைப் பயாப்ஸிக்கு அனுப்புவது உங்கள் விருப்பம், அதற்குத் தனிக் கட்டணம் என்கிறார்கள். மாமா 'கல்லுக்கு எதற்குப் பயாப்ஸி, வீண் செலவு' என்கிறார். அனுப்பணுமா, வேண்டாமா?

பிப்ரவரி 8, காலை 11.05, என் பதில்

அனுப்புங்கள் தம்பி. மாமாவிடம் வாதாடிக்கொண்டிருக்க வேண்டாம், நீங்களே பணத்தைக் கட்டி அனுப்பிவிடுங்கள். பயாப்ஸியில் கல்லைப் பார்ப்பதில்லை. கல் பல வருடம் உராய்ந்துகொண்டிருந்த அந்தப் பையின் சுவரில் புற்று ஏதும் இருக்கிறதா என்றுதான் பார்க்கிறார்கள். இப்போது வேலையில் இருக்கிறேன், ராத்திரி விவரமாக எழுதுகிறேன்.

பிப்ரவரி 8, இரவு 10.40

எங்கள் அம்மாவுக்கு நடந்ததைச் சொல்கிறேன். ஊர் காவேரிப்பட்டணம் பக்கம். மூன்று ஏக்கர் மாந்தோப்பு, பெங்களூராவும் செந்தூராவும். 2023 பங்குனியிலிருந்தே அம்மாவுக்கு வயிறு உப்புசம், விலாவுக்குக் கீழே வலி. அப்போது வயது 59. எல்லோரும் கேஸ் என்றோம். சீரகத் தண்ணீர், ஓமத் தண்ணீர், மெடிக்கலில் வாயால் சொல்லி வாங்கிய மாத்திரை என்று இரண்டு மாதம் ஓடியது. எனக்கு வேலை ஓசூரில், ஞாயிற்றுக்கிழமை மட்டும் போவேன். அம்மாவும் நான் வரும் நாளில் வலியைக் காட்டிக்கொள்ள மாட்டாள்.

ஸ்கேனில் கல் தெரிந்தது. அதற்குக் கீழே 'சுவர் ஒரு பக்கம் 6 மி.மீ. தடித்துள்ளது' என்று ஒரு வரி. நான் அதைப் படித்தேன், புரியவில்லை, கேட்காமல் விட்டுவிட்டேன். பித்தப்பைச் சுவர் 3 மி.மீ.க்குள் இருப்பதுதான் வழக்கம். வெறும் அழற்சி என்றால் பெரும்பாலும் சுற்றிலும் தடிக்கும். ஒரே இடத்தில் மட்டும் தடித்திருந்தால் கத்தி வைப்பதற்கு முன்பே சி.டி. எடுத்துப் பார்க்க வேண்டும். இதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரிந்தது. தம்பி, அக்காவின் ஸ்கேன் ரிப்போர்ட்டை எடுத்து, சுவரைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று இன்றைக்கே பாருங்கள்.

அறுவை நல்லபடியாக முடிந்தது. மறுநாள் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். போகும்போது அப்பா கையில் ஒரு பிளாஸ்டிக் டப்பாவைக் கொடுத்து, 'வேணும்னா ஏதாவது லேபில் கொடுத்துப் பாருங்க' என்று சொன்னார்களாம். எந்த மருத்துவமனை என்று இங்கே எழுதப் போவதில்லை. டப்பாவுக்குள் பை, தனியாகச் சின்னக் கவரில் கற்கள். அப்பா கற்களை வருகிறவர் போகிறவருக்கெல்லாம் காட்டினார். டப்பா பீரோ மேல் இருந்தது. நாலு நாள் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை போனவள் அதைப் பார்த்துவிட்டு என்னப்பா இது என்று கேட்டேன். உடம்பில் இருந்த உறுப்பு, அதை எங்கேயும் போடக் கூடாது, தோப்பில் செந்தூரா மரத்தடியில் குழி தோண்டிப் புதைக்கலாம் என்று வைத்திருக்கிறேன் என்றார். அவர் அப்படி நினைத்ததில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. அவருக்கு யாரும் சரியாகச் சொல்லவில்லை, அவ்வளவுதான். அந்த டப்பாவைக் கிருஷ்ணகிரியில் ஒரு லேபுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். எட்டு நாள் கழித்து அவர்கள் ரிப்போர்ட்டை வாட்ஸாப்பில் அனுப்பாமல் நேரில் வரச் சொன்னபோதே எனக்குக் கை நடுங்கிவிட்டது. பித்தப்பைப் புற்று.

பிப்ரவரி 9, காலை 6.30

ராத்திரி எழுதியதில் முக்கியமான ஒன்றை விட்டுவிட்டேன். அந்த டப்பாவில் ஃபார்மலின் இருந்தது, எடுத்த திசு அழுகாமல் காக்கும் மருந்து. தியேட்டரில் இருந்த சிஸ்டர் யாரோ ஊற்றி வைத்திருக்கிறார். வெறும் உப்புநீரோ, ஒன்றும் இல்லாமலோ இருந்திருந்தால் ஜூன் மாத வெயிலில் திசு அழுகி, எந்த லேபாலும் எதையும் சொல்லியிருக்க முடியாது. திசுவின் அளவைப் போல் பத்து மடங்காவது ஃபார்மலின் இருக்க வேண்டும் என்று லேபில் சொன்னார்கள். பையைக் கீறித் திறந்து போட்டால்தான் மருந்து உள்ளே இறங்கும், ஆனால் அதை மருத்துவர் செய்யட்டும், வீட்டில் யாரும் தொட வேண்டாம். முடிந்தால் மருத்துவமனையிலிருந்து நேராக லேபுக்குப் போகும்படி செய்யுங்கள், உங்கள் கைக்கு வரவே வேண்டாம்.

பிப்ரவரி 9, மாலை 4.15

பென்னாகரம் வாசகர் ஒருவர், நம் தண்ணீரில் உள்ள ஃப்ளோரைடால்தான் பித்தப்பைக் கல்லும் புற்றும் வருகிறது என்று எழுதியிருக்கிறார். தருமபுரி, கிருஷ்ணகிரி ஆழ்துளைக் கிணற்று நீரில் ஃப்ளோரைடு அதிகம் என்பது உண்மை. பிள்ளைகள் பல்லில் கறை, பெரியவர்களுக்கு எலும்பு விறைப்பு, நாம் எல்லோரும் பார்த்ததுதான். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே அதற்காகத்தான். ஆனால் ஃப்ளோரைடு வேலையைக் காட்டுவது பல்லிலும் எலும்பிலும். பித்தப்பைக் கல் பெரும்பாலும் பித்தநீரில் கொழுப்பு கூடுவதால் உருவாகிறது. பெண்களுக்கு, உடல் எடை கூடியவர்களுக்கு, பல பிள்ளை பெற்றவர்களுக்கு, சட்டென்று எடை குறைத்தவர்களுக்கு வாய்ப்பு அதிகம்.

இந்தப் புற்று நம் பக்கத்தில் குறைவு, கங்கைக் கரையோர மாநிலங்களில் மிக அதிகம். சிகிச்சைக்குப் போன பெங்களூர் மருத்துவமனையில் அம்மாவுக்குப் பக்கத்துக் கட்டிலில் பீகார்க்கார அம்மா ஒருவர், அதற்கடுத்து அசாம் பெண். அவர்கள் ஊரில் இது தெரிந்த வியாதி, நம் ஊரில் மருத்துவர்களுக்கே வருடத்தில் ஒன்றிரண்டுதான் கண்ணில் படும். அதனாலேயே நம் பக்கம் சந்தேகமும் குறைகிறது. எனக்கு ஃப்ளோரைடை விட இந்த அசட்டைதான் பயமாக இருக்கிறது.

பிப்ரவரி 10, இரவு 9.50

'கத்தி பட்டால் புற்று பரவும், பயாப்ஸி செய்தால் தூங்குகிற பாம்பை எழுப்பின மாதிரி' என்று மூன்று பேர் எழுதிவிட்டீர்கள். எங்கள் பெரியம்மாவும் இதைத்தான் சொன்னார். இது முழுப் பொய். எடுத்து வெளியே வந்துவிட்ட பையை லேபில் சீவிப் பார்ப்பதால் உடம்பில் எது எங்கே பரவும்? இதை நம்பித்தான் பலர் மாதக்கணக்கில் வீட்டில் உட்கார்ந்துவிடுகிறார்கள்.

பிப்ரவரி 11, காலை 7.10

நேற்று 'முழுப் பொய்' என்று எழுதியதைத் திருத்துகிறேன். கோபத்தில் எழுதிவிட்டேன். தூக்கம் வராமல் அம்மாவின் ஃபைலை எடுத்து, பெங்களூர் மருத்துவர் சொல்லச் சொல்ல நான் நோட்டில் எழுதியதை மறுபடி படித்தேன். பித்தப்பை விஷயத்தில் அந்தப் பேச்சுக்குள் பாதி உண்மை இருக்கிறது.

ஸ்கேனிலேயே புற்று மாதிரி தெரிந்து, முழுதாக எடுத்துவிடலாம் என்ற நிலையில் இருந்தால், அதில் ஊசி போட்டுச் சதை எடுப்பதைத் தவிர்ப்பார்கள். ஊசி போன தடத்தில் செல்கள் சிந்தி ஒட்டிக்கொள்ள வாய்ப்பு உண்டு. அதே காரணத்தால், லேப்ராஸ்கோப்பியில் எடுக்கும்போது பை கிழிந்து பித்தநீர் வயிற்றுக்குள் சிந்தினால், உள்ளே புற்று இருந்த பட்சத்தில் அது வயிற்றுச் சவ்விலும் துளை போட்ட இடத்திலும் முளைக்கலாம். அதனால்தான் பையை ஒரு உறைக்குள் போட்டு வெளியே இழுக்கிறார்கள். சந்தேகம் இருந்தால் புற்று அறுவையில் பழகிய கையே அதைத் தொட வேண்டும். ஆனால் எடுக்க முடியாத அளவுக்குப் பரவியிருந்தால் கதை வேறு. அப்போது ஊசிப் பயாப்ஸி கட்டாயம், எந்த வகை என்று தெரியாமல் கீமோ தொடங்க முடியாது.

ஆக, கத்தியை எப்போது, யார், எப்படி வைக்கிறார்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. பெரியம்மாவிடம் அன்று நான் கத்தியது தப்புதான். எடுத்த பையைச் சோதிப்பதில் மட்டும் என் பேச்சில் மாற்றம் இல்லை.

பிப்ரவரி 11, பிற்பகல் 1.30

சுவர் சாதாரணம், 2 மி.மீ. என்று தம்பி எழுதியிருக்கிறார். படித்ததும் நிம்மதி.

பிப்ரவரி 12, இரவு 8.45

ஆலிவ் எண்ணெயும் எலுமிச்சைச் சாறும் ஆப்பிள் சாறும் குடித்தால் கல் மலத்தில் வந்துவிடும், பச்சையாகப் பார்த்தேன் என்கிறார் ஒருவர். அந்தப் பச்சை உருண்டைகள் கல் இல்லை. குடித்த எண்ணெய் குடலில் சோப்பாகத் திரண்டு வருவது. உண்மையான கல் ஒன்று நகர்ந்து பித்தநாளத்தில் அடைத்தால் மஞ்சள் காமாலையும் கணைய வீக்கமும் வரலாம், உயிருக்கே ஆபத்து.

காமாலை என்றதும் இன்னொன்று. நம் பக்கத்தில் கண் மஞ்சளானால் முதலில் கீழாநெல்லிக்கும் ஊரில் மருந்து கொடுப்பவரிடமும்தான் ஓடுகிறோம். உடம்பெல்லாம் அரிப்பு, மலம் வெளுத்துக் களிமண் நிறம், சிறுநீர் டீத்தூள் நிறம், இவை சேர்ந்து வந்தால் அது அடைப்புக் காமாலை. அடைப்புக்குக் காரணம் கல்லாக இருக்கலாம், கட்டியாகவும் இருக்கலாம். பத்தியம் இருந்து மூன்று வாரம் கழிவதற்குள், எடுக்கக்கூடிய கட்டி எடுக்க முடியாததாக மாறிவிடலாம். முதல் வாரத்திலேயே ஸ்கேன் எடுங்கள்.

தம்பி, நாளைக்கு அறுவை. மருத்துவரிடம் மூன்று வார்த்தை பேசிவிடுங்கள். உறையில் போட்டு எடுப்பீர்களா என்று கேளுங்கள். எடுத்ததும் அங்கேயே பையைத் திறந்து உள்பக்கம் கண்ணால் ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள். ஃபார்மலினில் போட்டு, பெயர் எழுதி, நேராக லேபுக்கு அனுப்பச் சொல்லுங்கள். கேட்பதற்குக் கூச்சப்படாதீர்கள். நான் கூச்சப்பட்டேன்.

பிப்ரவரி 13, இரவு 7.00

அக்கா எப்படி இருக்கிறார்?

பிப்ரவரி 15, காலை 10.20

நேற்றே வீட்டுக்கு வந்துவிட்டார், பை லேபுக்குப் போய்விட்டது, மாமாவே கொண்டுபோய்க் கொடுத்தார் என்று தம்பி எழுதியிருப்பதை இரண்டு தரம் படித்தேன். மாமாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

ரிப்போர்ட் வரும் வரைக்கும் அம்மாவுக்கு வந்தது என்ன என்பதை எழுதுகிறேன். சேலம் வாசகர் ஒருவரும் கேட்டிருந்தார். அவர் அப்பாவுக்கும் பித்தப்பைப் புற்று, ஆனால் மருந்து வேறு, ஏன் என்று.

பித்தப்பைப் புற்றில் பெரும்பாலானது சுரப்பித் திசுவில் வரும் அடினோகார்சினோமா. அம்மாவுக்கு வந்தது அது இல்லை. கிருஷ்ணகிரி லேபின் முதல் ரிப்போர்ட்டில் 'முதிர்ச்சி குறைந்த புற்று, மேல் சோதனை தேவை' என்றுதான் இருந்தது. அந்த ஒரு வரியை மட்டும் வைத்து மருத்துவர் யாராவது உடனே கீமோ எழுதியிருந்தால் தவறான மருந்தாகப் போயிருக்கும். ஸ்லைடுகளையும், திசுவை மெழுகில் பதித்து வைத்திருக்கும் பிளாக்குகளையும் வாங்கிக்கொண்டு பெங்களூர் போனோம். அங்கே நிறமேற்றும் சோதனையில், புற்றின் வகையைக் காட்டும் சினாப்டோபைசின், குரோமோகிரானின் என்ற அடையாளப் புரதங்கள் இரண்டும் பாசிட்டிவ், கேஐ 67 எண்பது சதவீதம். அதாவது பார்த்த புற்றுச் செல்களில் நூற்றுக்கு எண்பது பெருகும் நிலையில் இருக்கின்றன. நரம்புச் செல்லின் குணமும் ஹார்மோன் சுரக்கும் செல்லின் குணமும் கொண்ட நியூரோஎண்டோகிரைன் கார்சினோமா, அதிலும் சிறுசெல் வகை. புகைபிடிப்பவர்களுக்கு நுரையீரலில் வரும் சிறுசெல் புற்றின் சாயல். நூறு பித்தப்பைப் புற்றில் இரண்டோ மூன்றோதான் இந்த நியூரோஎண்டோகிரைன் இனம்.

இதில் ஆச்சரியம் என்னவென்றால், இயல்பான பித்தப்பைச் சுவரில் அந்த வகைச் செல்களே கிடையாதாம். கல்லும் அழற்சியும் பல வருடம் தொந்தரவு கொடுத்ததில் சுவரின் செல்கள் இயல்பு மாறி அப்படி ஆகியிருக்கலாம் என்பது ஒரு கருத்து. அம்மா வாழ்நாளில் பீடிப் புகையைக்கூடத் தாங்க மாட்டாள்.

சேலம் நண்பரே, உங்கள் அப்பாவுக்குக் கொடுப்பது ஜெம்சிடபின், சிஸ்பிளாட்டின் என்ற இரண்டு கீமோ மருந்துகள். 2010ல் வந்த பெரிய ஆய்வில், முற்றிய பித்தநாள, பித்தப்பைப் புற்றுக்கு ஜெம்சிடபின் மட்டும் கொடுத்தவர்களின் இடைநிலை ஆயுள் (பாதிப் பேர் தாண்டிய காலம்) 8.1 மாதம், இரண்டையும் சேர்த்துக் கொடுத்தவர்களுக்கு 11.7 மாதம். அதிலிருந்து அதுதான் முதல் மருந்து. 2022க்குப் பிறகு டுர்வாலுமாப் என்ற நோயெதிர்ப்பு மருந்தையும் அதோடு சேர்க்கிறார்கள், விலை மிக அதிகம். புற்றுச் செல்லில் ஹெர்2 என்ற புரதம் கூடுதலாக இருக்கிறதா என்று சோதனை செய்தார்களா எனக் கேளுங்கள், அது பாசிட்டிவாக இருந்தால் இன்னொரு வழியும் இருக்கிறது. அம்மாவுக்கு மட்டும் சிறுசெல் புற்றுக்குக் கொடுக்கும் எட்டோபோசைடும் சிஸ்பிளாட்டினும்.

பிப்ரவரி 15, இரவு 11.15

புற்றின் அறிகுறிக்காகப் பார்க்கும் சிஏ 19-9 ரத்தச் சோதனை நார்மல் என்றால் புற்று இல்லைதானே என்று கேட்டவருக்கு: இல்லை. அம்மாவுக்கு நார்மல்தான் வந்தது, இரண்டு நாள் கோயில் கோயிலாகப் போனோம். சாதாரணக் கல் அடைப்புக் காமாலையிலேயே அது எகிறும், புற்று இருந்தும் எகிறாமல் இருக்கும். அதை மட்டும் வைத்து அழவும் வேண்டாம், சிரிக்கவும் வேண்டாம்.

பிப்ரவரி 18, இரவு 10.00

கீமோ நாட்களைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். பெட் ஸ்கேனில் தூரத்தில் எங்கும் பரவவில்லை, கல்லீரலுக்குப் போகும் ரத்தக்குழாய் ஓரம் ஒரு நிணநீர்க் கட்டி மட்டும் ஒளிர்ந்தது. புற்று பையின் தசையைத் தாண்டிக் கல்லீரல் பக்கமாக இறங்கியிருந்தது. சாதாரண வகையாக இருந்தால் உடனே மறுபடி அறுவை செய்து கல்லீரலில் ஒரு துண்டையும் நிணநீர்க் கட்டிகளையும் எடுப்பார்கள். இது வேகமான வகை, வெட்டிய காயம் ஆறுவதற்குள் வேறு இடத்துக்கு ஓடிவிடும், முதலில் கீமோ கொடுத்துப் பார்க்கலாம் என்றார்கள்.

21 நாளுக்கு ஒரு தரம், தொடர்ந்து மூன்று நாள். விடிகாலை மூன்றரைக்குக் காவேரிப்பட்டணத்தில் கிளம்பி, ஓசூரில் நான் ஏறிக்கொள்வேன், அத்திப்பள்ளி டோல்கேட்டைத் தாண்டும்போது விடியும். சிஸ்பிளாட்டின் சிறுநீரகத்தைப் பாதிக்கும் என்பதால் மருந்துக்கு முன்னும் பின்னும் பாட்டில் பாட்டிலாக உப்புநீர் ஏற்றுவார்கள். அம்மா அந்தக் கம்பத்தைத் தள்ளிக்கொண்டு பாத்ரூமுக்குப் போய் வருவதே பெரிய வேலை. இரண்டாவது சுற்றுக்குள் முடி முழுக்கக் கொட்டிவிட்டது. மூன்றாவது சுற்றில், 'காதுக்குள்ள சில்வண்டு கத்துது' என்றாள். அதுவும் சிஸ்பிளாட்டின் வேலைதான். மருத்துவரிடம் சொன்னதும் கார்போபிளாட்டினுக்கு மாற்றினார்கள். காதில் இரைச்சல் கேட்டால் மறைக்காமல் சொல்லுங்கள், போன கேட்கும் திறன் திரும்பி வராது.

களி இறங்கவில்லை. எங்கள் வீட்டில் களி சாப்பிடாத நாள் கிடையாது. மோரில் கரைத்த ராகிக் கூழ், இட்லி, வேகவைத்த முட்டை, இவைதான் ஓடின. வாய்ப்புண்ணோடு மாங்காய் ஊறுகாய் கேட்பாள், அப்பா எனக்குத் தெரியாமல் விரலில் தொட்டு நாக்கில் வைப்பார்.

வெள்ளணு குறைந்தால் போடும் ஊசியைக் குளிரில் வைத்திருக்க வேண்டும், உறையவும் கூடாது. ஐஸ் போட்ட பிளாஸ்கில் வைத்து பஸ்ஸில் மடியிலேயே பிடித்துக்கொண்டு வருவேன். ஊரில் ஆரம்ப சுகாதார நிலைய சிஸ்டர் தினமும் மாலை போட்டுவிட்டார். இன்னொன்று, கீமோ ஓடும்போது காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டால் அது சாதாரணக் காய்ச்சல் இல்லை. பாராசிட்டமால் கொடுத்துவிட்டுக் காலையில் பார்க்கலாம் என்று இருக்காதீர்கள், அந்த ராத்திரியே மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். ஒருமுறை நாங்கள் காலை வரை காத்திருந்தோம், ஆறு நாள் ஐ.சி.யூ.வில் முடிந்தது.

நாலு சுற்றில் அந்த நிணநீர்க் கட்டி சுருங்கியது. 2023 நவம்பரில் பெரிய அறுவை. கல்லீரலில் பித்தப்பை ஒட்டியிருந்த இடத்தை ஒரு துண்டாக, கூடவே சுற்றியிருந்த நிணநீர்க் கட்டிகள். அதன்பின் இன்னும் இரண்டு சுற்று. ஜனவரியில் முடிந்தது. பொங்கலுக்கு அம்மா வீட்டில் இருந்தாள்.

பிப்ரவரி 20, இரவு 9.30

'உங்கள் அம்மா எப்படி இருக்கிறார்' என்று நேற்று ஒருவர் கேட்டார். நான் அதை எழுதாமலே தள்ளிக்கொண்டு வந்தேன். 2024 ஏப்ரல் ஸ்கேனில் கல்லீரலில் மூன்று இடத்தில் வந்துவிட்டது. இரினோடெக்கான் சேர்த்த மருந்து மூன்று சுற்று கொடுத்தார்கள், நிற்கவில்லை. ஆகஸ்டில் வீட்டில் இறந்தாள்.

இன்று காலை இன்னொருவர் கேட்டிருக்கிறார்: இவ்வளவு அலைந்தும் பதினாலு மாதம்தானே, அந்த டப்பாவைப் புதைத்திருந்தால் என்ன வித்தியாசம்? கேட்டவர் மீது எனக்குக் கோபம் இல்லை. அதே கேள்வியை நானே பல ராத்திரி கேட்டுக்கொண்டிருக்கிறேன். நாளைக்கு எழுதுகிறேன்.

பிப்ரவரி 21, இரவு 11.40

சிகிச்சை இல்லாவிட்டால் இந்த வகை சில மாதங்களில் முடித்துவிடும். டப்பாவைப் புதைத்திருந்தால் ஆயுத பூஜை வாக்கில் அம்மாவுக்குக் காமாலை வந்திருக்கும், கீழாநெல்லி அரைத்துக் கொடுத்திருப்போம், ஏன் போகிறாள் என்று தெரியாமலே அனுப்பியிருப்போம். தெரிந்ததால் 2024 மாம்பழ சீசனை அம்மா பார்த்தாள். மே மாதம் தோப்பில் கட்டிலைப் போட்டு உட்கார்ந்து, கூழ் பேக்டரிக்குப் போகும் பெங்களூராவைத் தனியாக, மண்டிக்குப் போகும் செந்தூராவைத் தனியாகப் பிரிக்கச் சொல்லி ஆட்களை விரட்டிக்கொண்டிருந்தாள். தங்கைக்கு நகை எது, எனக்கு எது என்று அவளே பிரித்தாள். அப்பாவுக்குச் சோறு வடிக்கக் கற்றுக்கொடுத்தாள். அந்த மாதங்களைக் கணக்குப் போட்டு எடை பார்க்க எனக்குத் தெரியவில்லை, ஆனால் யாருக்கும் விட்டுக்கொடுக்கவும் மாட்டேன்.

இதை விடப் பெரிய விஷயம், அம்மாவுக்கு வந்தது அரிதிலும் அரிது. உங்களில் யாருக்காவது வந்தால் அது பெரும்பாலும் சாதாரண வகையாகத்தான் இருக்கும். அதில் ஆரம்ப நிலையை பயாப்ஸியில் பிடித்தால் கணக்கே வேறு. உள்தோலோடு நின்றிருந்தால் பையை எடுத்ததே போதும், வேறு சிகிச்சையே வேண்டாம். தசைக்குள் போயிருந்தால் சில வாரங்களுக்குள் இரண்டாவது அறுவை செய்து பலர் முழுதாகப் பிழைக்கிறார்கள். பித்தப்பைச் சுவர் மெல்லிசு, குடலில் இருக்கும் அத்தனை அடுக்குகளும் அதில் இல்லை, கல்லீரலை ஒட்டிய பக்கத்தில் வெளிச்சவ்வுகூட இல்லை. அதனால் ஒரு நிலையிலிருந்து அடுத்ததற்குப் போக அதற்கு அதிக தூரம் கிடையாது. பீரோ மேல் கழியும் நாட்கள் அங்கேதான் கணக்கில் வருகின்றன.

கல் உள்ள எல்லோரும் பயப்பட வேண்டும் என்று சொல்லவில்லை. கல் உள்ளவர்களில் மிகமிகச் சிலருக்குத்தான் புற்று. ஆனால் புற்று வந்தவர்களில் பெரும்பாலானோருக்குக் கல் இருந்திருக்கிறது. 3 செ.மீ.க்கு மேல் கல், 1 செ.மீ.க்கு மேல் பாலிப் (உள்சுவரில் முளைக்கும் சதை), சுவரில் சுண்ணாம்பு படிதல், இந்த மூன்றில் எது இருந்தாலும் வலியே இல்லாவிட்டாலும் அறுவை மருத்துவரைப் பார்த்துவிடுங்கள்.

பிப்ரவரி 22, பிற்பகல் 3.00

செலவு பற்றி. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை, ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பங்களுக்கு, வருடத்துக்கு 5 லட்சம் வரை. வி.ஏ.ஓ.விடம் வருமானச் சான்று வாங்கிக் கலெக்டர் ஆபீஸில் பதிய வேண்டும். நோய் வந்தபின் ஓடாதீர்கள், இப்போதே எடுத்து வையுங்கள். தனியாரில் பயாப்ஸிக்குப் பணம் இடிக்கிறது என்றால், தருமபுரியிலும் கிருஷ்ணகிரி போலுப்பள்ளியிலும் அரசு மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன, அங்கே அறுவை செய்தால் திசுச் சோதனைக்கும் அங்கேயே துறை இருக்கிறது. புற்று என்று உறுதியானால் பெங்களூர் கித்வாய், வேலூர் சி.எம்.சி., சென்னை அடையாறு புற்றுநோய் மருத்துவமனை, புதுச்சேரி ஜிப்மர், இதில் எது உங்களுக்கு வந்து போக எளிதோ அங்கே போங்கள். பல மாதம் அலைய வேண்டியிருக்கும், அதனால் தூரத்தையும் யோசித்து முடிவெடுங்கள்.

கடைசி இரண்டு மாதம் அம்மாவுக்கு மார்பின் மாத்திரை கொடுத்தோம். மக்களைத் தேடி மருத்துவத்தில் வலி தணிக்கும் பிரிவு சிஸ்டர் வாரம் ஒருநாள் வீட்டுக்கு வந்தார். அந்தத் திட்டம் 2021 ஆகஸ்டில் தொடங்கியதே எங்கள் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான், ஆனாலும் அதில் இது உண்டு என்று எங்கள் தெருவில் யாருக்கும் தெரியாது. மார்பின் கொடுத்தால் அடிமையாகிவிடுவாள் என்று பெரியம்மா பயந்தார். மருத்துவர் சொன்ன அளவில் வலிக்குக் கொடுத்தால் அந்தப் பயம் தேவையில்லை. மலச்சிக்கல் மட்டும் நிச்சயம் வரும், கூடவே அதற்கும் மருந்து கேட்டு வாங்குங்கள்.

பிப்ரவரி 24, மாலை 6.20

அரூர் தம்பி ரிப்போர்ட்டை அனுப்பிவிட்டார். நாள்பட்ட அழற்சி, கல், புற்று இல்லை. வெட்டிய ஓரத்திலும் கோளாறு இல்லை. அலுவலக வாசலில் நின்று படித்தேன், அங்கேயே கண்ணீர் வந்துவிட்டது. அக்காவிடம் என் அன்பைச் சொல்லுங்கள். ரிப்போர்ட்டைப் படித்துவிட்டு மூடி வைக்காமல், அறுவை செய்த மருத்துவரிடமும் ஒருமுறை காட்டிவிடுங்கள். அதன் மேல் இருக்கும் லேப் எண்ணைப் போனில் படம் எடுத்து வையுங்கள், பிளாக் தேவைப்பட்டால் அந்த எண்ணை வைத்துத்தான் தேடுவார்கள்.

பிப்ரவரி 25, இரவு 10.10

ஒரு திருத்தம். முதல் நாள் எழுதியதில் டப்பா பீரோ மேல் நாலு நாள் இருந்தது, ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்தேன் என்று சொன்னேன். அப்பா எப்போதும் நாலு நாள் என்றுதான் சொல்வார், நானும் அப்படியே நம்பியிருந்தேன். இன்றைக்கு ஃபைலில் லேப் ரசீது கிடைத்தது. அறுவை 2023 ஜூன் 14. ரசீது ஜூன் 20. ஞாயிறு நான் பார்த்த பிறகும், திங்கள்கிழமை லீவு கிடைக்காமல் செவ்வாய்தான் கொண்டுபோயிருக்கிறேன். மொத்தம் ஆறு நாள், அதில் இரண்டு நாள் என்னுடையது. ரசீதை அப்பாவிடம் காட்டவில்லை.